ஊவாத் தோட்டங்களிற் செயல்வழிக் கல்வி

பண்டாரவளையைக் கடந்து பதுளைக்கு இறங்கும் இரயில் பாதை 1924ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. அப்பாதையில் தெமோதரை என்னும் நிலையம் ஒன்றுண்டு. நிலையத்தை விட்டுப் புறப்படும் வண்டி மலையைச் சுற்றி வளைந்து இறங்கி, தான் சற்று முன்னர் நின்ற அதே நிலையத்தின் அடியில் உள்ள சுரங்கத்தினூடாக வெளிப்படுகின்றது. மலையின் சரிவோ பெரிது. இரயிலோ சரிவுக்கு அஞ்சுவது. ஆகவே பாதையின் நீளத்தைக் கூட்டிச் சரிவைக் குறைத்தனர் பொறியியலாளர். அந்த வளைவை நாள்தோறும் கண்டு வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் பல தலைமுறையினர். அவர்களுள் உயர்தர வகுப்பை எட்டியவர்கள், சரிவைக் கணிக்கும் முறையைக் கரும்பலகையிலும் பாடநூலிலும் கற்றனர். கண்ணெதிரே கிடந்த வளைவு அவர்களுக்குப் பாடமாக அமைந்தது அரிது.

சூழலிலிருந்து ஒரு வினாவை எடுத்து, மாணவர் தாமே அளந்தும் ஆராய்ந்தும் தம்முட் பேசியும் விடை காணுமாறு பாடத்தை அமைப்பதைச் செயற்றிட்ட முறை என்று கல்வியாளர் கூறுவர். இம்முறை ஊவா மாகாணத் தோட்டப் பாடசாலைகளை எட்டிய கதை நீண்டது. எட்டியபோதும் அது ஐயத்தோடு நோக்கப்பட்டது. அந்த ஐயத்திற்குத் தக்க காரணமும் இருந்தது. அக்காரணத்தை அறியாமல் இன்று பாடம் திட்டமிடுவோர் தம் மாணவரின் மனத்தையும் பெற்றோரின் மனத்தையும் அறியமாட்டார்.

கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருட் பெரும்பாலோர் பருவத்திற்கு வந்து பருவத்திற்குத் திரும்பியவர்கள். 1869இல் கோப்பி இலையிற் கண்ட நோய் அடுத்துவந்த ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தேயிலைக்கு ஓய்வுப் பருவம் இல்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்கவேண்டியிருந்ததால் குடும்பங்கள் மலையிலேயே தங்கின, லயங்கள் நிறைந்தன, லயங்களிற் பிள்ளைகள் நிறைந்தனர். 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். தம்பேதன்னைத் தொழிற்சாலை அவர் பெயரை இன்றும் நினைவூட்டுகின்றது. தொழிற்சாலைகள் எழுந்த வேகத்திற் பள்ளிக்கூடங்கள் எழவில்லை.

1854இல் தோற்றம் பெற்ற தமிழ்க் கூலி மிசன் மலைநாட்டுத் தோட்டங்கள் சிலவற்றில் எழுத்தறிவைப் பரப்ப முயன்றது. அரசாங்கம் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் மூலமே இவ்விடயத்தில் தலையிட்டது. தோட்டத்தில் வாழும் 6 முதல் 10 வரையான வயதுடைய பிள்ளைகளுக்குத் தாய்மொழியிற் கல்வி வழங்குவதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்டத்துரையின் கடமை என்று அச்சட்டம் கூறியது. கடமையைச் சட்டம் விதித்தது. ஊக்கத்தை அது விதிக்க இயலாதன்றோ? பத்து வயதிற் கல்வி முடியவேண்டும் என்ற எல்லையே அக்காலத்தின் கருத்தை வெளிப்படுத்துகின்றது. அதன்பின் பிள்ளை மலைக்கு உரியது.

ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள். தோட்டப் பாடசாலை என்றால் நெடுங்காலம் இதுவே பொருள். இத்தகைய பள்ளியில் ஆசிரியர் ஒருவரே எல்லா வகுப்புகளுக்கும் கற்பித்தல் இயலாது. மூத்த மாணவன் இளையோர்க்குச் சொல்லிக்கொடுப்பான், அவனே சட்டாம்பிள்ளை. இதனை வறுமையின் விளைவு என்று மட்டும் கருதுதல் ஆகாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சென்னை எழும்பூரில் ஆண்பிள்ளைகளின் காப்பகம் ஒன்றை நடத்திய அந்திரூ பெல் என்னும் பாதிரியார், நம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு வியந்தார். மாணவர் மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தம் பள்ளியில் அமைத்து, 1797இல் அதனை இங்கிலாந்தில் நூலாகவும் வெளியிட்டார். அது சென்னை முறை என்னும் பெயரோடு உலகெங்கும் பரவிற்று. ஊடாட்டக் கற்பித்தல் மேனாட்டிலிருந்து புதிதாக இறக்குமதியான சரக்கு என்று எண்ணுவோர் திண்ணைப் பள்ளியின் மணலை நினைத்துக்கொள்ளலாம்.

எனினும், செயல்வழிக் கல்வியை ஒரு கோட்பாடாக வகுத்தவர்கள் அமெரிக்கக் கல்வியாளரே. ஜோன் டூயி 1896இற் சிக்காகோவில் ஆய்வுப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்; பிள்ளைகள் அங்கே சமைத்தும் நெய்தும் தச்சுவேலை செய்தும் அவற்றினூடாக வரலாறும் கணிதமும் கற்றனர். அவர் வழிவந்த கில்பட்ரிக் 1918இற் செயற்றிட்ட முறையைப் பற்றி எழுதிய கட்டுரை ஆசிரியர் உலகில் மிகுந்த செல்வாக்குப் பெற்றது. நோக்கம் மாணவனுடையதாக இருத்தல் வேண்டும் என்பதே அக்கட்டுரையின் உயிர். ஆசிரியர் இட்ட வேலையை முழுமனத்தோடு செய்தாற்கூட அது செயற்றிட்டம் ஆகிவிடாது.

காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது பதுளைக்கும் வந்தார். பத்தாண்டுகள் கழித்து, 1937இல், வார்தாவில் அவர் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டம் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைத்தது. இலங்கையிலும் அக்காலத்தில் இத்தகைய எண்ணம் தோன்றியிருந்தது. 1930களிற் கண்டிப் பகுதியில் உள்ள ஹந்தெஸ்ஸ என்னும் ஊரில், கிராமியக் கல்வித் திட்டம் ஒன்று கல்வி அமைச்சர் கன்னங்கராவின் ஆதரவோடு தொடங்கப்பட்டது. உழவு, உடல்நலம், கைப்பணி, ஊர்ச்சூழல் ஆகியவற்றை மையமாகக் கொண்ட கல்வி அது. கற்பித்தல் நோக்கிற் பார்த்தால் அது சிறந்த திட்டமே. ஆயினும் நாட்டில் அது நிலைபெறவில்லை. நகரத்துப் பிள்ளைக்கு ஆங்கிலமும் அலுவலகமும், கிராமத்துப் பிள்ளைக்கு மண்வெட்டியும் கைத்தறியுமா என்று பெற்றோர் கேட்டனர். 1943இல் வெளிவந்த கன்னங்கரா குழுவின் அறிக்கை பரிந்துரைத்த செய்தொழிற் பாடசாலைகளுக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

பெற்றோரின் அக்கேள்வி அறியாமையால் எழுந்ததன்று. சூழலுக்கேற்ற கல்வி என்பது, சூழலைவிட்டு வெளியேறாமல் இருத்தற்கேற்ற கல்வியாகவும் மாறிவிடக்கூடும். தேயிலைத் தோட்டத்தில் அவ்வச்சம் பன்மடங்காகும். மகன் படிப்பது எதற்காக? பிரட்டுக் களத்தில் நிற்காமல் இருப்பதற்காக. மகள் உயர்தரம் வரையில் ஏறுவது எதற்காக? கூடையை இறக்கி வைப்பதற்காக. அத்தாயிடம் சென்று, உங்கள் பிள்ளை இனித் தேயிலையைக் கொண்டே பாடம் படிக்கப்போகின்றது என்று கூறினால், அவள் முகம் எவ்வாறு மாறும் என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

நாட்டில் 1945இல் இலவசக் கல்வி மலர்ந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் ஒளியிற் பெரிதும் நனையவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாத மக்களின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சட்டசபையில் யார் உரத்துப் பேசுவார்? 1960இலும் 1961இலும் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது தோட்டத்து ஓரறைப் பள்ளிகள் வெளியிலேயே விடப்பட்டன. 1964 ஒக்டோபரில் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யலாம் என்று மக்கள் எண்ணிக்கையாகப் பகுக்கப்பட்டனர். எந்த நாட்டுக்காகப் படிப்பது என்றே தெரியாத பிள்ளைகள் அன்று வகுப்புகளில் அமர்ந்திருந்தனர்.

இந்நிலையில் 1972இல் இலங்கைக் கல்வியிற் பெருஞ்சீர்திருத்தம் ஒன்று வந்தது. அவ்வப் பகுதியில் வழங்கும் தொழில்களை மாணவர் ஆராய்ந்து கற்கும் தொழின்முன்னிலைப் பாடம் இடைநிலை வகுப்புகளிற் புகுத்தப்பட்டது. மீனவர் ஊரில் மீன்பிடித்தல், குயவர் ஊரில் மட்பாண்டம் என்று அது அமைந்தது. செயற்றிட்ட முறை இலங்கைக் கலைத்திட்டத்தில் இத்துணைத் துணிவோடு இடம்பெற்றது அதுவே முதன்முறை எனலாம். தேயிலை நாட்டின் முதற்பெருந்தொழில். அத்தொழிலின் நடுவில் இருந்த பள்ளிகளோ அரசாங்கக் கல்வி முறைக்குள் இன்னும் வரவில்லை! 1972இலும் 1975இலும் நிறைவேறிய காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர், 1970களின் நடுப்பகுதியிலிருந்து அப்பள்ளிகள் படிப்படியாகப் பொறுப்பேற்கப்பட்டன. அவை உள்ளே வந்து சேர்ந்த வேளையில், 1977ஆம் ஆண்டு ஆட்சிமாற்றத்தோடு அச்சீர்திருத்தம் கைவிடப்பட்டது. பழைய சாதாரண தரமும் உயர்தரமும் திரும்பின.

அதன்பின் முன்னேற்றம் மறுக்கவொண்ணாதது. 1986 முதல் சுவீடன் நாட்டு உதவியோடு தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. ஜெர்மன் உதவியோடு கொட்டகலையை அடுத்த பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து, மலையகத்திற்கென ஆசிரியரைப் பயிற்றலாயிற்று. பதுளை சரஸ்வதி, பண்டாரவளை தமிழ் மத்திய மகா வித்தியாலயம், பசறை தமிழ் மகா வித்தியாலயம், ஹப்புத்தளை தமிழ்க் கல்லூரி முதலிய பெரிய பாடசாலைகளை நோக்கித் தோட்டத்துப் பிள்ளைகள் காலைப் பேருந்துகளில் விரைந்தனர். உயர்தரம் என்பது ஊவாவின் லயங்களுக்கு எட்டாத சொல்லாக இருந்த காலம் மாறிற்று.

1997ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் உயர்தர வகுப்புக்கே செயற்றிட்டத்தைக் கொண்டுவந்தது. பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. தனிச் செயற்றிட்டம் ஒன்றும் குழுச் செயற்றிட்டம் ஒன்றும் மாணவர் செய்தல் வேண்டும் என்று கூறப்பட்டது. 2007 முதல் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் வந்தது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கமளித்தல், விரிவாக்கல், மதிப்பிடல் என்னும் ஐந்து படிகளிற் பாடத்தை அமைக்குமாறு தேசிய கல்வி நிறுவகத்தின் வழிகாட்டி நூல்கள் ஆசிரியரை வேண்டின. நூலளவிற் குறையில்லை. நடைமுறையிலோ, பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் புள்ளிக்குச் செயற்றிட்டத்தால் யாதொரு பயனும் இல்லை என்பதை மாணவர் விரைவில் அறிந்துகொண்டனர். அறிந்தபின் என்ன நிகழும்? பளபளக்கும் அட்டை, வண்ண எழுத்துத் தலைப்பு, முன்னைய ஆண்டு மாணவர் எழுதியதன் படி. நகரத்துக் கணினிக் கடைகளில் ஆயத்த நிலையிற் கிடைக்கும் செயற்றிட்டங்களும் உண்டு. அவற்றைச் செய்தவர் கடைக்காரரே ஆதலால், கற்றவரும் அவரே ஆவர்.

இத்துணைத் தடைகளுக்குப் பின்னும், இம்முறை ஊவாத் தோட்டப் பகுதி உயர்தர வகுப்புகளுக்கு ஏற்றதா என்று கேட்டால், ஏற்றதே என்று விடை கூறல் வேண்டும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. தோட்டத்துப் பிள்ளை தேயிலையை எதிர்காலத் தொழிலாளியாக நின்று கற்றலாகாது. அதனை அளப்பவராக, ஆராய்பவராக, வினாவுபவராக நின்று கற்றல் வேண்டும். கொழுந்தெடுக்கப் பழக்குவது ஒன்று; கொழுந்தைப் பற்றி அறிவது முற்றிலும் வேறொன்று. தாயின் ஐயம் தீரவேண்டுமானால் இவ்வேறுபாடு பாடத்திட்டமிடலிலேயே வெளிப்படுதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரு பாடத்தைக் காண்போம். உயர்தரத் தொழினுட்பப் பிரிவு 2013இல் தொடங்கியது. அதில் உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் ஒரு பாடம். இரசாயனவியல் வகுப்புக்கும் இது பொருந்தும். பச்சைக் கொழுந்தின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 77 பங்கு நீர். வாட்டல் அறையில் அது 55 பங்களவுக்கு இறங்கும். அரைத்து, நொதிக்கவிட்டு, உலர்த்தி முடிக்கையில் 3 பங்கே எஞ்சும். இத்தனை எண்களையும் ஆசிரியர் கரும்பலகையில் எழுதினால் மாணவர் ஐந்து நிமிடத்திற் பிரதி செய்துவிடுவர். அவ்வாறு செய்யாமல், ஒரு வினாவை மட்டும் வகுப்பில் வைக்கலாம்: ஒருவர் ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து எடுத்தால், அது எத்தனை கிலோ தேயிலைத்தூள் ஆகும்?

வகுப்பிற் பலருக்கு அந்த 18 கிலோவின் பாரம் தெரியும். தூளின் நிறை தெரியாது. முதலில் ஊகம் கூறச் செய்தல் வேண்டும். பத்து என்பர், எட்டு என்பர். பிறகு ஒரு கைப்பிடிக் கொழுந்தை நிறுத்து, ஆய்வுகூடத்தில் அடுப்பு இருப்பின் அதிலும், இல்லையெனில் வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, நாள்தோறும் நிறுத்து எழுதுவார்கள். உலர்பொருள் நூற்றுக்கு 23 என்று அவர்களே கண்டால் மிகுதி கணிதமே. 100 கிலோ கொழுந்து வாட்டலின் பின் 51 கிலோவாகும். உலர்ந்தபின் 24 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 18 கிலோவுக்கு 4 கிலோவும் கால் கிலோவும். தொழிற்சாலைக் கணக்கோடு ஒப்பிட்டால் இன்னும் சிறிது குறையும். ஏன் குறைகின்றது என்பது அடுத்த நாள் வினா.

இவ்விடத்தில் ஒரு மாணவி எழுந்து வேறொரு வினாவைக் கேட்டல் கூடும். மழைநாளிற் கொழுந்து நிறுக்கும்போது, நனைந்த இலையின் நீருக்கென்று தராசிற் சில கிலோ கழிப்பது தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். அதனைப் பற்றிய மனக்குறையும் அதேயளவு பழையது. அந்தக் கழிவு நியாயமானதா? இவ்வினாவுக்கு ஆசிரியரிடம் ஆயத்த விடை இல்லை. அதனாலேயே அது சிறந்த வினா. நனைந்த கொழுந்தை நிறுத்து, துணியால் ஒற்றி, மீண்டும் நிறுத்து, பத்துமுறை செய்து சராசரி காணலாம். இலைமேல் தங்கும் நீர் இத்துணை என்று தெரிந்தபின், கழிவு கூடுதலா, ஏற்றதா, குறைவா என்று சொல்லலாம். விடை எதுவாயினும் அதை ஏற்க மாணவர் அணியமாக இருத்தல் வேண்டும் என்பதை ஆசிரியர் முன்னரே பேசிவைத்தல் நலம். முடிவை முன்னரே தீர்மானித்துக்கொண்டு அளப்பது அளத்தல் அன்று. ஆயினும், அன்று மாலை அம்மாணவி வீட்டுக்குச் சென்று தன் தாயிடம் அந்த எண்ணைச் சொல்வாள். பிள்ளையின் படிப்பு தராசின் முன் நிற்கும் தாய்க்கு உதவிய நாளாக அது அமையலாம்.

இத்தகைய பாடம் தானாக நிகழ்வதில்லை. ஒற்றைப் பாடவேளையில் நிறுத்தலும் எழுதலும் பேசலும் அடங்கா. இரட்டைப் பாடவேளையை நேரசூசியிற் கேட்டுப்பெறல் வேண்டும். யார் நிறுப்பவர், யார் எழுதுபவர், யார் பிழை தேடுபவர் என்று குழுவிற் பொறுப்புகளைப் பகுத்துச் சுழற்றாவிட்டால், இருவர் உழைக்க மூவர் வேடிக்கை பார்ப்பர். பரீட்சையில் இப்பகுதிக்கு எத்தகைய வினா வரும் என்பதையும் ஆசிரியர் இறுதி நாளில் எடுத்துக்காட்டல் வேண்டும்; மாணவரின் பரீட்சைக் கவலையைப் புறக்கணிக்கும் செயற்றிட்டம் இரண்டாம் முறை நடைபெறாது. உலர்த்தலுக்குத் தேவையான நாட்களை எண்ணாமல் திட்டமிட்ட ஆசிரியர் வெள்ளிக்கிழமை ஈரக் கொழுந்தோடு நிற்பார்.

பேச்சும் திட்டமிடலுக்கு உரியதே. மேரி பட் ரோ என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர் வினாவைக் கேட்டபின் விடைக்காகப் பொறுத்திருந்த நேரம் பெரும்பாலும் ஒரு விநாடியே! அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது, மாணவரின் விடைகள் நீண்டன, பேசாதிருந்தோரும் பேசினர். லயத்துத் தமிழோடு நகரத்துப் பாடசாலைக்கு வரும் பிள்ளைக்கு இந்த மூன்று விநாடி மிகவும் வேண்டற்பாலது. அப்பிள்ளை விடையைத் தேடுவதோடு, விடைக்குரிய ஏட்டுச் சொல்லையும் தேடுகின்றது. கவ்வாத்து என்று அது சொல்லட்டும். கத்தரித்தல் என்ற பாடநூற் சொல்லை ஆசிரியர் பின்னர் அதன் அருகில் எழுதலாம்.

இரசாயனத்தினும் ஊவாவுக்கு இன்றியமையாதது புவியியல். ஆடி ஆவணி மாதங்களில் தென்மேற்குக் காற்று மழையை மலையின் மறுபுறத்திற் கொட்டிவிட்டு உலர்ந்த கச்சானாக ஊவாவுக்குள் இறங்கும். ஊவாத் தேயிலையின் புகழ்பெற்ற மணம் அப்பருவத்திற்குரியது. வடகீழ்ப் பருவமழையோ இங்கே நேரே இறங்கும். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, ஹல்துமுல்லைப் பிரிவில் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்து லயங்களை மலைச்சரிவு மூடியது. அந்நிலம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. மக்கள் குடிபெயர்வதற்கு வேறு நிலமும் வீடும் அமையவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையும் பதுளை மாவட்டத்திற் பல இடங்களில் மண்ணைச் சரித்தது.

மழையை அளத்தலுக்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. நேரான பக்கங்களையுடைய ஒரு பிளாத்திக்குப் போத்தலை வெட்டி, மேற்பகுதியைப் புனலாகக் கவிழ்த்து, பக்கத்தில் அளவுகோலை ஒட்டினாற் போதும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 ஆனால் வெளியேற ஆயத்தமாதல், 150ஐ எட்டினாலோ ஒரு மணி நேரத்தில் 75 பெய்தாலோ இடம்விட்டு நீங்குதல் என்பது அந்நிறுவனம் வகுத்த பொது அளவு. சுவரிற் பிளவு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று ஆகியனவும் குறிகளாம்.

பசறையிலோ பண்டாரவளையிலோ உள்ள உயர்தர வகுப்பை எண்ணுக. முப்பது மாணவர் இருப்பின் அவர்கள் இருபது தோட்டப் பிரிவுகளிலிருந்து வருபவர்களாயிருப்பர். சிலர் விடியுமுன் புறப்பட்டுக் கால்நடையாகப் பேருந்துத் தரிப்பிடத்தை அடைபவர்கள். இச்சிதறல் குறையாகவே எப்போதும் பேசப்படுகின்றது. மழைமானிச் செயற்றிட்டத்திற்கோ அதுவே பெருஞ்செல்வம். இருபது பிரிவுகளில் இருபது போத்தல்கள். ஒவ்வொரு நாளும் காலை ஒரே வேளையில் இருபது எண்கள். வகுப்பிற் பெரிய படத்தில் அவற்றைக் குறித்தால், ஒரே மழை ஒரு மலையில் 90 ஆகவும் அடுத்த பள்ளத்தாக்கில் 30 ஆகவும் பெய்வதை மாணவர் தம் கண்ணாற் காண்பர். மலையின் திசை, காற்றின் திசை, சமவுயரக்கோடு, சராசரி, வரைபு ஆகிய பாடநூற் பகுதிகள் யாவும் அப்படத்தினுள் வந்து அமரும். நகரத்தில் ஒரே தெருவிலிருந்து வரும் மாணவரைக்கொண்டு இதைச் செய்தல் இயலாது.

வரலாற்று வகுப்புக்கும் தோட்டம் ஓர் ஆவணக்களரியே. பாட்டியின் பெட்டியில் உள்ள பழைய பிறப்புப் பதிவு, அரிசிக் கூப்பன் அட்டை, தலைமன்னார் வழியாக ஒப்பந்தத்தின்பேரில் அனுப்பப்பட்ட உறவினர் எழுதிய கடிதம் ஆகியவற்றை எவ்வாறு வாசிப்பது, பாட்டியின் நினைவும் பத்திரத்தின் தேதியும் முரண்பட்டால் எதை ஏற்பது என்பன உயர்தர மாணவர் கற்கவேண்டிய கலை. ஹாலிஎலவை அடுத்த ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934இற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் மலையகச் சிறுகதையின் வரலாற்றை எழுதினார். அதற்கான சான்றுகள் பெருநூலகங்களில் அடுக்கிக் கிடந்தன அல்ல. பழைய இதழ்களைத் தேடித் திரட்டியே அவர் அதைச் செய்தார். 2022இல் மறைந்த அவருடைய உழைப்பைவிடத் தக்க செயற்றிட்ட மாதிரி ஊவா மாணவருக்கு வேறு வேண்டுமோ? பெரியோரின் துயரக் கதைகளைக் கிளறுங்கால் மென்மை வேண்டும் என்பதையும், சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தலாகாது என்பதையும் மாணவர் புறப்படுமுன்னரே கற்பித்தல் அவசியம்.

பதுளை மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியிற் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்படுவது. 2005இற் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலைத் தொழினுட்பத்தையே பட்டப்படிப்பாக வகுத்தது. கணிதமும் விஞ்ஞானமும் தொழினுட்பமும் உயர்தரத்தில் தமிழ்மொழியிற் கற்பிக்கும் பாடசாலைகள் மாவட்டத்திற் பெருகினாலன்றி, அப்படிப்புக்குள் நுழையும் தோட்டத்துப் பிள்ளைகள் பெருகமாட்டார். ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாத இடத்திற் செயற்றிட்டத்தைக் காட்டி அவ்வில்லாமையை மறைக்க முயல்வது அநீதியாகும். போத்தல் மழைமானி ஆய்வுகூடத்திற்கு ஈடன்று. அது ஆய்வுகூடத்தைக் கேட்பதற்குரிய உரிமையை மாணவர் கையில் எண்ணாக வைக்கின்றது.

கல்வி அதிகாரிகளும் அதிபர்களும் இதில் இரண்டொரு காரியங்களை எளிதிற் செய்யலாம். உயர்தர ஆசிரியர் நேரசூசியில் வாரத்திற்கு ஒருமுறையேனும் இரட்டைப் பாடவேளை, தவணை முடிவில் பெற்றோர் முன்னிலையில் மாணவர் தம் முடிவுகளைத் தம் தமிழில் எடுத்துரைக்கும் ஒரு மாலை ஆகியன பணச்செலவில்லாதவை. அம்மாலைக்குப் பெற்றோர் வரவேண்டுமானால் அது கைக்காசு கொடுக்கும் நாளாகவோ கொழுந்து மிகுந்த நாளாகவோ இருத்தலாகாது, ஞாயிற்றுக்கிழமையே தக்கது. மழைமானிகளோ வடகீழ்ப் பருவமழைக்கு முன்னர், செப்டெம்பர் மாதத்திலேயே, வெட்டி ஒட்டி ஒவ்வொரு பிரிவிலும் திறந்த வெளியிற் கம்பத்திற் கட்டப்பட்டிருத்தல் வேண்டும். லயத்துக் கூரையின் தாழ்வாரத்தை விட்டு அவை விலகியிருக்கட்டும். கூரையிலிருந்து வழியும் நீர் கணக்கைக் கெடுத்துவிடும்.